இழுத்த கம்பியின் சரித்திரம்

1905ஆம் ஆண்டில், பிரான்சு தேசத்தின் நடுப்பகுதியில் அலியே நதிக்கரையிலுள்ள மூலேன் என்ற ஊருக்கு, அந்த ஜில்லாவின் சாலைகளையும் பாலங்களையும் பார்த்துக்கொள்ளும் அரசாங்க உத்தியோகத்தை ஏற்று, இருபத்தாறு வயதுடைய ஓர் இளம் பொறியாளர் வந்து சேர்ந்தார். யூஜீன் ஃபிரெஸினே என்பது அவருடைய பெயர். பாரிஸ் மாநகரின் பெரிய கலாசாலைகளில் கணிதமும் கட்டட சாஸ்திரமும் பயின்றவராயினும், கொரேஸ் மலைநாட்டின் ஒப்ஜா என்ற சிற்றூரில் பிறந்து, உழைத்துக் காய்த்த கைகளையுடைய ஜனங்களின் வழியில் வந்தவராகையால், ஏட்டில் எழுதியதைவிடக் கண்ணால் கண்டதையும் கையால் தொட்டதையும் நம்பும் சுபாவம் அவருக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது. கட்டட உலகத்தின் போக்கை மாற்றிய ஒரு யோசனை அவருடைய மனத்தில் கருக்கொண்டதற்கும், அது பாலம் கட்டும் மேஸ்திரியின் கைக்கருவியாக வந்து சேர்ந்ததற்கும் நடுவே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழிந்தன. அந்த நாற்பது ஆண்டுகளில் எது தடுத்தது, யார் கைகொடுத்தார்கள் என்பதைச் சொல்லவே இதை எழுதப் புகுந்தேன்.

கட்டடத் தொழில் புதுமையை எளிதில் ஏற்பதில்லை என்ற குறை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது. அதை முழுவதும் குறையென்று கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. நெசவாளி ஒருவர் புதிய சாயமொன்றைப் பரீட்சித்துப் பார்த்து, அது ஒட்டாமற் போனால், நஷ்டமாவது சில முழத் துணி. உழவர் ஒருவர் புதிய விதையை வயலின் ஒரு மூலையில் தெளித்துப் பார்த்து, அது முளைக்காமற் போனால், அடுத்த பட்டத்தில் அதைச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் பாலம் கட்டுகிறவர் செய்யும் பரீட்சையின் மீது மறுநாளே வண்டியும் மாடும், சந்தைக்குப் போகும் பெண்களும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் ஏறி நடக்கிறார்கள். ஒவ்வொரு பாலமும் ஒவ்வொரு நதிக்கும் மண்ணுக்கும் ஏற்பத் தனியாகக் கட்டப்படுவதாகையால், ஒன்றில் கற்ற பாடம் மற்றொன்றுக்கு அப்படியே பொருந்துவதுமில்லை. ஆகவே தாத்தா காலத்து முறையைக் கைவிடத் தயங்கும் கொத்தனாரையோ, விதிப்புத்தகத்தை விட்டு விலகாத மேலதிகாரியையோ மூடரென்று தள்ளிவிடுவது நியாயமாகாது. அவர்களுடைய தயக்கத்துக்குள் பிறர் உயிரைப் பற்றிய அக்கறை இருக்கிறது. புதுமையைக் கொண்டுவருகிறவர் அந்த அக்கறைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்; ஃபிரெஸினேயின் வாழ்க்கை முழுவதும் அந்தப் பதிலைத் தேடியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

மூலேனுக்கு வருமுன்பே, ஷார்ல் ரபூ என்ற பேராசிரியரிடம் கம்பி பதித்த கான்கிரீட்டைப் பற்றிய பாடம் கேட்டுக்கொண்டிருந்த நாட்களிலேயே, அவருக்கு அந்த யோசனை தோன்றிவிட்டது. கான்கிரீட்டின் குணம் நாம் அறிந்ததே: மிகுந்த பாரத்தை மேலே ஏற்றி அமுக்கினாலும் தாங்கும், சிறிது இழுத்தாலோ வெடித்துவிடும். உத்தரமொன்றின் மேல் பாரம் ஏறும்போது அதன் மேற்புறம் அமுங்குகிறது, அடிப்புறம் இழுபடுகிறது. அந்த அடிப்புறத்து இழுப்பை ஏற்றுக்கொள்ளவே உள்ளே இரும்புக் கம்பி வைக்கிறோம். ஆனால் கம்பி தன் பலத்தைக் காட்டுவதற்குள் அதைச் சுற்றியிருக்கும் கான்கிரீட் மயிரிழை மயிரிழையாக வெடித்துவிடுகிறது. பாரம் ஏறுவதற்கு முன்பாகவே கான்கிரீட்டை இரு பக்கத்திலிருந்தும் அமுக்கி வைத்துவிட்டால் என்ன என்பதே அந்த இளைஞரின் கேள்வி. முன்னரே அமுக்கப்பட்டிருப்பது, பாரம் ஏறும்போது, அமுக்கத்தைச் சற்று இழக்குமேயன்றி இழுபடாது; இழுபடாதது வெடிக்காது.

இதன் தத்துவம் நமக்குப் புதியதன்று. லாரியிலிருந்து செங்கல் இறக்கும் ஆட்கள் ஐந்தாறு கல்லை வரிசையாகச் சேர்த்து, இரு ஓரத்திலும் உள்ளங்கையை வைத்து இறுக அமுக்கி, நடுவிலிருக்கும் கற்களுக்குக் கீழே ஒரு பிடிமானமும் இல்லாமலே, ஒரே பலகையைப்போல அவற்றைத் தூக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறோம். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும்போது, இரும்பு வளையத்தை எருமூட்டத்தில் சிவக்கக் காய்ச்சி, மரத்தின் மேல் ஏற்றித் தண்ணீர் ஊற்ற, அது குளிர்ந்து சுருங்கி, ஆரக்கால்களையும் வட்டைகளையும் ஒன்றோடொன்று நெரித்துப் பிடிப்பதும் அதே தத்துவந்தான். பாதையில் அடிபட்டுக் குலுங்கும் சக்கரம் கழன்று போகாமல் இருப்பது, பாதைக்கு வருமுன்பே அதன்மேல் ஏற்றிவைத்த அந்த இறுக்கத்தால். கான்கிரீட்டுக்கு இப்படி ஓர் இறுக்கத்தை ஊட்டுவதையே பொறியாளர்கள் ‘பிரீஸ்ட்ரெஸ்’ என்கிறார்கள். முன்னிறுக்கம் என்று நாம் சொல்லலாம்.

யோசனை அவருக்கு மட்டுமே தோன்றியதென்று சொல்வதற்கில்லை. அவர் சிறு பிள்ளையாக இருந்த 1880களிலேயே, சான்பிரான்சிஸ்கோவில் ஜாக்சன் என்பவரும், பெர்லினில் டேரிங் என்பவரும், இரும்பை இழுத்துக் கட்டிக் கான்கிரீட்டை இறுக்கும் முறைகளுக்கு உரிமைப் பத்திரம் வாங்கினார்கள். அந்த முறைகள் நிலைக்கவில்லை. கட்டியபோது இருந்த இறுக்கம் நாளடைவில் எங்கோ மறைந்துபோயிற்று. ஏன் மறைந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. காரணம் தெரியாத தோல்வியைப்போல ஒரு நல்ல யோசனையை நெடுநாள் முடக்கிப் போடுவது வேறொன்றுமில்லை. அதை முயன்றவரும் விட்டுவிடுகிறார், பார்த்திருந்தவரும் பயந்துபோகிறார்.

அந்தக் காரணம் வெளிப்பட்ட கதை அலியே நதியின் மீது நடந்தது. ல வேர்த்ர், பூத்திரோன், ஷாத்தேல் தெ நேவ்ர் என்ற மூன்று இடங்களில் பழைய பாலங்களுக்குப் பதிலாகப் புதியவை கட்ட வேண்டியிருந்தது. மெர்சியே என்ற காண்ட்ராக்டர், ஃபிரெஸினே தீட்டிய வரைபடத்தை நம்பி, ஒரே பாலத்துக்கென்று கணக்கிட்டிருந்த தொகையில் மூன்றையும் கட்டித் தருவதாக முன்வந்தார். இந்த மெர்சியேயின் பெயர் புத்தகங்களில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. எனக்கோ அவரை அவ்வளவு எளிதில் கடந்துபோக இயலவில்லை. அதுவரை எவரும் கட்டாத மெலிந்த, தாழ்ந்த வளைவுகளுக்குத் தம் சொந்தப் பணத்தைப் பணயம் வைத்தவர் அவர். அப்படி ஒருவர் இல்லாதிருந்தால் அந்த வரைபடம் ஆபீசு அலமாரியிலேயே பழுப்பேறியிருக்கும். முதலில் மூலேனில், ஏறத்தாழ 50 மீட்டர் அகலத்துக்கு ஒரு பரிசோதனை வளைவைக் கட்டி, அதன் இரு கால்களும் விலகாதபடி இழுத்துக் கட்டிய கம்பிகளால் பிணைத்துப் பார்த்தார்கள். பிறகு ல வேர்த்ரில் மூன்று வளைவுகளைக் கொண்ட பாலம் எழுந்தது. நடுக்கண்ணின் அகலம் 72 மீட்டருக்கு மேல். வளைவின் உச்சியில் இடைவெளி விட்டு, அங்கே ஜாக்கிகளை வைத்து அகட்டி, வளைவு முழுவதையும் அதன் அடியிலிருந்த மரச் சாரத்தைவிட்டு மேலே எழும்பச் செய்து, அதன் பின்பு ஃபிரெஸினே சாரத்தைக் கழற்றினார். அந்த முறையும் அவருடையதே.

பாலம் பரீட்சையில் தேறியது, ஜனங்கள் நடந்தார்கள். சில மாதங்கள் சென்றபின், 1911ஆம் ஆண்டில், கைப்பிடிச் சுவரின் கோடு நேராக இல்லை என்பதை அவர் கண்டார். வளைவின் உச்சி மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. புதிய பாரம் எதுவும் ஏறவில்லை, அஸ்திவாரம் அசையவில்லை, ஆயினும் நாளுக்கு நாள் இறக்கம் கூடியது. அந்நாளைய சாஸ்திரப்படி இது நடக்கக்கூடாத காரியம். கான்கிரீட் பாரம் ஏறியவுடன் எவ்வளவு குறுகுமோ அவ்வளவோடு நின்றுவிடும் என்றே 1906ஆம் ஆண்டின் அரசாங்க விதிகள் வைத்துக் கணக்கிட்டன. மேலிடத்துக்கு எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க அவகாசம் இல்லை. ஓர் இரவு, எவருக்கும் அறிவிக்காமல், நம்பிக்கைக்குரிய சில வேலையாட்களை மட்டும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய், உச்சியில் விட்டிருந்த இடங்களில் ஜாக்கிகளை மறுபடி பொருத்தி, வளைவுகளைப் பழைய உயரத்துக்குத் தூக்கி, பின்னர் அந்த இடைவெளிகளைக் கான்கிரீட்டால் நிரந்தரமாக அடைத்துவிட்டார். பாலம் நின்றது, இரண்டாம் உலக யுத்தத்தில் 1944இல் தகர்க்கப்படும் வரை நின்றது. அதன் தங்கையான பூத்திரோன் பாலம் இன்றும் நிற்கிறது.

அந்த இரவில் அவர் காப்பாற்றியது ஒரு பாலத்தை. கண்டுகொண்டது ஓர் இயற்கை நியதியை. தொடர்ந்து அமுக்கப்படும் கான்கிரீட், பாரம் கூடாமலே, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறுகிக்கொண்டே போகும். பொறியாளர் இதை ‘க்ரீப்’ என்பர். ஊர்தல் என்று சொன்னால் பொருத்தமாயிருக்கும், நத்தை ஊர்வதைப்போலக் கண்ணுக்குத் தெரியாமல் நகர்வதனால். ஜாக்சனும் டேரிங்கும் தோற்றதன் காரணமும் இதிலேயே அடங்கியிருந்தது. சாதாரண இரும்புக் கம்பியை, அதற்குத் தகும் அளவுக்கு இழுத்துக் கட்டினால், ஒரு மீட்டர் நீளத்துக்கு அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டித்தான் நீளும். கான்கிரீட்டோ, உலர்ந்து சுருங்குவதனாலும் ஊர்ந்து குறுகுவதனாலும், சில ஆண்டுகளில் ஏறக்குறைய அதே அளவுக்குக் குட்டையாகிவிடுகிறது. இழுத்துக் கட்டிய கயிற்றின் இரு முளைகளும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்துவிட்டால் கயிறு தொய்ந்துபோவதைப்போல, கம்பியின் இறுக்கம் முழுவதும் கரைந்துவிடுகிறது. அப்படியானால் பரிகாரமும் தெளிவு: மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் நீளும்படி இழுத்தாலும் அறாத உயர்ந்த உருக்குக் கம்பி வேண்டும். பியானோ வாத்தியத்துக்குக் கட்டும் தந்தியின் இனத்தைச் சேர்ந்தது அது. ஐந்தில் ஒன்று கரைந்தாலும் நான்கு மிஞ்சும். அந்த நான்கே உத்தரத்தை நூறாண்டு தாங்கும்.

இவ்வளவு எளிதாக இன்று எழுதிவிடுகிறேன். அவருக்கு இது திட்டவட்டமாவதற்குப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. நடுவே முதல் உலக யுத்தம் வந்தது. பிறகு லிமூஸேன் என்பவருடைய கம்பெனியில் சேர்ந்து, ஓர்லியில் ஆகாயக் கப்பல்களை நிறுத்துவதற்கான மாபெரும் கொட்டகைகளைக் கட்டினார். பிரித்தானி முனையில் ப்ளூகாஸ்தேல் என்னுமிடத்தில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 180 மீட்டர் விரிந்த மூன்று வளைவுகளாலான பாலத்தை 1930இல் முடித்தார். உலகமே வந்து பார்த்தது. அந்தப் பாலத்தின் வேலையோடு வேலையாகக் கான்கிரீட்டின் ஊர்தலை அளந்து அளந்து பார்த்து, சந்தேகமறத் தெளிந்த பின்னரே, 1928ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உரிமைப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. தேசம் போற்றும் பாலச் சிற்பி என்ற பெயரும், நல்ல வருமானமும், கௌரவமான உத்தியோகமும் கையில் இருந்தன. கம்பெனி இந்தப் புது முறையில் இறங்க இசையவில்லை. அவரும் அதை விட்டு விலகினார்.

உரிமைப் பத்திரம் கிடைத்தால் உலகம் ஓடிவந்து வாங்கிக்கொள்ளும் என்று எண்ணுகிறவர்கள் மோந்தார்ஜியில் நடந்ததைக் கேட்கவேண்டும். முதற்பிரயோகத்துக்குப் பாலத்தைத் தேர்ந்தெடுக்காமல், மின்சாரக் கம்பி தாங்கும் கம்பத்தை அவர் தேர்ந்தெடுத்தது விவேகமான காரியம். கம்பம் சிறியது, ஆயிரக்கணக்கில் வேண்டியது, தொழிற்சாலையில் ஒன்றுபோல வார்க்கக்கூடியது, ஒன்று முறிந்தால் உயிர்ச்சேதம் இராது. மெல்லிய சுவரும் உட்கூடுமாக, உள்ளே இழுத்த கம்பியோடு, இலேசும் உறுதியுமான கம்பங்களை அவர் செய்தார். விரைவில் இறுகும்படி கான்கிரீட்டை அதிர வைத்தும், அமுக்கியும், ஆவியால் சூடேற்றியும் வார்க்கும் முறைகளையெல்லாம் அங்கேதான் வகுத்தார். பொருள் குற்றமற்றது, காலம் குற்றமுடையதாயிருந்தது. 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி பரவி, மின்சாரக் கம்பெனிகள் புதிய வழித்தடங்களை நிறுத்தியதும், கம்பம் வாங்குவாரில்லை. ஆயுள் முழுவதும் சேர்த்த செல்வம் நான்கே ஆண்டுகளில் கரைந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், தாம் சொல்வது சத்தியமென்று தமக்கு மட்டும் தெரிந்திருக்க, கையில் ஒன்றுமின்றி நின்றார். ஓர் ஆராய்ச்சி தொழிலுக்குள் புகத் தாமதமாகும்போது அந்தத் தாமதத்தின் விலையை யாரோ ஒருவர் இப்படித் தம் வீட்டிலிருந்து கொடுக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது.

கதவைத் திறந்தது ஓர் ஆபத்து. லே ஹாவ்ர் துறைமுகத்தில், அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடக்கும் பெருங்கப்பல்களுக்கென்று கட்டிய பிரயாணிகள் மண்டபத்தின் ஒரு பகுதி, அடியிலிருந்த சேற்று மண்ணில் மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் வீதம் அமிழ்ந்துகொண்டிருந்தது. ‘நார்மண்டி’ என்ற புதிய கப்பல் 1935இல் புறப்பட வேண்டும். அதற்குள் மண்டபம் விழுந்துவிடும் போலிருந்தது. பழைய முறைகளை அறிந்தவர்கள் ஒரு வழியும் காணாமல் கைவிட்ட அந்த இடத்தில், இழப்பதற்கு ஒன்றுமில்லாத ஃபிரெஸினே வரவேற்கப்பட்டார். தனித்தனியே கிடந்த அஸ்திவாரத் தலைப்புகளுக்கு இடையே புதிய கான்கிரீட்டை இட்டு, எல்லாவற்றையும் கம்பியால் இழுத்து இறுக்கி ஒரே உடலாக்கினார். அதில் துளைகள் விட்டு, ஒவ்வொரு துளையிலும் குழலாகிய பைல் தூணைத் துண்டு துண்டாக அங்கேயே வார்த்து, மண்டபத்தின் சொந்தப் பாரத்தையே எதிர்ப்பாரமாகக் கொண்டு ஜாக்கியால் கீழே அமுக்கி, உறுதியான மண்ணைத் தொடும் வரை இறக்கினார். மோந்தார்ஜியில் கம்பத்துக்கென்று கற்றிருந்த விரைவில் இறுகும் வித்தை இங்கே கைகொடுத்தது: ஒரு துண்டு வார்த்துச் சில மணி நேரத்தில் அடுத்த துண்டு. அமிழ்தல் நின்றது. பொது வேலைகளில் பெரிய கையாகிய காம்பெனோன் என்ற காண்ட்ராக்டர் இதைக் கண்டு அவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். விதியைக் காட்டி மறுத்தவர்கள் வேறு வழி அற்றுப்போன நாளில்தான் ஒப்பினார்கள் என்று இதைக் குத்திக்காட்டலாம். ஆனால் அங்கே அவர்கள் கண்ணாரக் கண்டது ஒரு நிரூபணம்; அதற்கு முன்பு அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் வாக்கு.

இதற்குப் பிறகுதான், என் அபிப்பிராயத்தில், மிக முக்கியமான காரியம் நடந்தது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 1939ஆம் ஆண்டையொட்டி அவர் ஒரு சிறு கூம்பையும் ஒரு ஜாக்கியையும் செய்தார். ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள பன்னிரண்டு கம்பிகளை ஒரு வடமாகச் சேர்த்து, உத்தரத்தின் உள்ளே விட்ட குழாயின் வழியே செலுத்தி, முனையில் பதித்த கூம்புக் குழியின் ஓரத்தைச் சுற்றிப் பரப்பி, ஜாக்கியால் பிடித்து இழுக்கவேண்டியது. வேண்டிய அளவு நீண்டதும், அதே ஜாக்கியின் இரண்டாவது தண்டு, கூம்பாகிய ஆப்பைக் குழிக்குள் தள்ளி அடைக்கும். கம்பி பின்வாங்க முயலுந்தோறும் ஆப்பு இன்னும் இறுகும். சாஸ்திரம் முழுவதும் ஒரு மனிதன் தூக்கிப் பொருத்தக்கூடிய கருவிக்குள் அடங்கிவிட்டது. ஊர்தலின் கணிதத்தை அறியாத மேஸ்திரி, நீட்டத்தை அளக்கவும் ஜாக்கியின் முள்ளைப் பார்க்கவும் தெரிந்துகொண்டால் போதும். வரைபடத்துக்கும் சாரத்துக்கும் நடுவிலிருந்த பள்ளத்தை இந்தக் கூம்பு தூர்த்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியில் ஹோயர் என்பவர், நீண்ட படுகையின் இரு கோடியிலும் கம்பிகளை இழுத்துக் கட்டி, நடுவே வரிசையாகப் பல உறுப்புக்களை வார்த்து, காய்ந்தபின் கம்பியை அறுத்துவிடும் முறையை வகுத்தார்; ஆப்பும் வேண்டாம், கான்கிரீட்டே கம்பியைக் கவ்விக்கொள்ளும்.

யுத்தம் முடிந்தபோது ஐரோப்பாவில் பாலங்கள் உடைந்து கிடந்தன, இரும்பு அரிதாயிருந்தது. சிறிதளவு கம்பியால் பெரிய காரியம் செய்யும் முறைக்கு அதைவிடத் தக்க தருணம் ஏது? மார்ன் நதியின் மீது லூஸான்சியில், 1941இல் தொடங்கி யுத்தத்தால் தடைப்பட்டிருந்த 55 மீட்டர் பாலம் 1946இல் முடிந்தது. அதை அடுத்து 1947க்கும் 1950க்கும் நடுவே, அதே நதியின் மீது, 74 மீட்டர் விரிவில், ஒன்றுபோலவே ஐந்து பாலங்கள் எழுந்தன. துண்டுகளை ஓரிடத்தில் வார்த்து, நதிக்குக் கொண்டுவந்து, கம்பியால் கோத்து இறுக்கினார்கள். ஒவ்வொரு பாலமும் தனிப்பிறவி என்ற பழைய வழக்கு அந்த ஐந்தில் உடைந்தது.

கடல் கடந்து இதைக் கொண்டுசென்றவர் வேறொருவர். பெல்ஜியத்தின் கெண்ட் சர்வகலாசாலையில் பேராசிரியராயிருந்த குஸ்தாவ் மக்னேல், தம் தேசம் அந்நியர் வசப்பட்டிருந்த யுத்த காலத்தில், பரிசோதனைச் சாலையில் முடங்கி, முன்னிறுக்கத்தை ஆராய்ந்து, தமக்கென்று ஒரு பிடிமான முறையையும் வகுத்தவர். முதல் யுத்தத்தின்போது லண்டனில் தங்கியிருந்ததால் ஆங்கிலம் அவருக்குச் சரளமாக வந்தது. கடினமானதை எளிமையாக்கிச் சொல்லும் வரம் பிறவியிலேயே இருந்தது. அமெரிக்கா சென்று விரிவுரைகள் நிகழ்த்தினார். 1948இல் அவருடைய நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பிலடெல்பியா நகரத்தார் வால்நட் லேன் என்ற சாலைக்குப் பாலம் கட்டக் கருதி, கல் முகப்புடைய வளைவுக்கு விலை கேட்டுப் பார்த்து, அது தாங்காதென்று மலைத்திருந்த வேளையில், அமெரிக்காவில் வேலை செய்துகொண்டிருந்த அவருடைய பழைய மாணவர் ஒருவரின் வழியாக, மக்னேலின் யோசனை அங்கே எட்டியது. 160 அடி நீளமுள்ள உத்தரங்களால் பாலம் அமைக்கலாம் என்றார் அவர். அவ்வளவு நீளத்துக்கு இந்த முறையில் அந்தத் தேசத்தில் ஒருவரும் கட்டியதில்லை.

நகரத்தார் செய்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன். நம்புகிறோம் என்றும் சொல்லவில்லை, மாட்டோம் என்றும் சொல்லவில்லை. பாலத்துக்கு வேண்டிய உத்தரத்தைப்போல முழு அளவில் ஒன்றை வார்த்து, அது முறியும் வரை பாரம் ஏற்றிக் காட்டுங்கள் என்றார்கள். 1949ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதி, தேசத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்த நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் சுற்றி நின்று பார்க்க, அந்த உத்தரத்தின் மேல் பாரத்தை அடுக்கினார்கள். பாலம் தன் ஆயுளில் சுமக்க வேண்டியதை எல்லாம் கடந்து வெகுதூரம் சென்ற பின்னரே அது முறிந்தது. அன்று கூடியிருந்தவர்கள் தத்தம் ஊருக்குத் திரும்பிச் சென்றபோது, நூறு விரிவுரைகளால் ஆகாதது ஆகியிருந்தது. 1951இல் பாலம் திறந்தது. 1954இல் இத்தொழிலில் ஈடுபட்டோர் கூடித் தங்களுக்கென்று ஒரு ஸ்தாபனத்தையே அங்கே அமைத்துவிட்டார்கள். அதற்கு இரண்டாண்டு முன்பு, 1952இல், கேம்பிரிட்ஜில் இதற்கென ஒரு சர்வதேசச் சங்கமும் தோன்றியிருந்தது. லே ஹாவ்ர் மண்டபத்திலிருந்து பிலடெல்பியா வரை பதினைந்தே ஆண்டு. மூலேன் வளைவிலிருந்து லே ஹாவ்ர் வரையிலோ கால் நூற்றாண்டுக்கு மேல்.

நம் தேசத்துக்கு இது வந்த வேகம் என்னை இன்றும் வியக்கவைக்கிறது. தேசப் பிரிவினையால் அஸ்ஸாமுக்குப் போகும் ரயில் பாதை அறுந்துபோயிற்று. புதிய இணைப்பை மிக விரைவாகப் போடவேண்டிய நிர்ப்பந்தத்தில், 1948இல் தொடங்கிய அந்த வேலையிலேயே முன்னிறுக்கிய உத்தரங்கள் இடம்பெற்றன. பிலடெல்பியா நகரத்தார் உத்தரத்தை முறித்துப் பார்ப்பதற்கு முன்பே நம்மவர் இதைத் தொட்டுவிட்டார்கள். சாலைப் பாலங்களில் முதலாவது நம் செங்கற்பட்டை அடுத்துப் பாலாற்றின் குறுக்கே 1954இல் அமைந்தது. மழைக் காலத்தில் சில நாள் கரைபுரண்டும் மற்ற நாட்களில் மணலாகவும் கிடக்கும் அந்த ஆற்றின் மீது, அலியே நதிக்கரையில் பிறந்த சூத்திரம் வந்து படுத்துக்கொண்டது. 1960இல் முன்னிறுக்கக் கான்கிரீட்டுக்கென்று இந்தியத் தர விதிநூல் வெளிவந்தது. முன்னே ஒரு தேசத்தில் தடையாக நின்ற விதி, இங்கே வழிகாட்டியாக அமைந்தது; கண்டுபிடிப்பு விதிநூலில் ஏறிய பிறகே சின்ன ஊர்களின் எஞ்சினீயரும் பயமின்றிக் கையெழுத்திட முடியும். ஜெர்மனியில் லான் நதியின் மீது பால்டுயின்ஷ்டைனில், ஃபின்ஸ்டர்வால்டர் என்பவர், ஆற்றுக்குள் சாரமே கட்டாமல் தூணிலிருந்து இருபுறமும் கை நீட்டுவதுபோலத் துண்டு துண்டாக வளர்த்துக் கட்டும் வித்தையை 1950-51இல் காட்டினார். நம் பாம்பன் கடலின் மேல் 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் 115 மீட்டர் நடுக்கண் அந்த வித்தையின் சந்ததி. ராமேசுவரம் போகிற யாத்திரிகர்கள் பஸ்ஸை நிறுத்தி இறங்கிக் கடலைப் பார்க்கிறார்கள். காலடியில் இறுகிக் கிடக்கும் கம்பிகளையும் ஒரு கணம் நினைத்துக்கொண்டால் நன்றாயிருக்கும்.

ஃபிரெஸினே 1962இல் காலமானார். மோந்தார்ஜியில் வாங்குவாரின்றிக் கிடந்த கம்பம் என்னவாயிற்று என்பதை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். 1960ஆம் ஆண்டிலேயே முன்னிறுக்கிய மின்கம்பத்துக்கென்று தனி இந்தியத் தர விதி வகுக்கப்பட்டது. இன்று நம் கிராமங்களில் வயல் வரப்பையும் ஏரிக் கரையையும் ஒட்டி நிற்கும் சிமெண்ட் கம்பங்களில் பல அந்த இனத்தைச் சேர்ந்தவை. ரயில் தண்டவாளத்தின் கீழே மரக்கட்டைக்குப் பதிலாகக் கிடக்கும் கான்கிரீட் கட்டைகளும் அதன் உறவே. கம்பம் வார்க்கும் களம் ஒன்றை ஒரு காலை வேளையில் நின்று பார்த்தேன். ஹோயர் சொன்ன நீண்ட படுகை. இரு கோடியிலும் இரும்புச் சட்டம். நடுவே, பென்சிலைவிட மெல்லிய கம்பிகள், வீணையின் தந்திபோல இழுபட்டு நின்றன. ஜாக்கியின் அருகே லுங்கியை மடித்துக் கட்டியிருந்த ஒரு பெரியவர், முள்ளைப் பார்த்ததோடு திருப்தியடையாமல், டேப்பை நீட்டிக் கம்பி எவ்வளவு வந்திருக்கிறது என்று அளந்தார். “எவ்வளவு வரணும் அண்ணாச்சி?” என்று கேட்டேன். “அறுபது மீட்டருக்கு முப்பது சென்டிமீட்டர் வரணும் சார், குறைஞ்சா கம்பம் நிக்காது” என்று சொல்லிவிட்டு, ஆட்களைப் பார்த்துக் கான்கிரீட் கொட்டச் சொன்னார். மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர்.